கம்பியில் இரண்டு சுற்று

எங்கள் பள்ளி மைதானத்தில் கோடு போடுகிறவருக்கு வெள்ளைக்கால் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆபீஸ் கிளார்க்கான நானே அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடம் சுண்ணாம்புத் தூளில் நடந்து நடந்து அவருடைய செருப்பு, கணுக்கால், பேன்ட் மடிப்பு எல்லாம் வெளுத்துப்போனதில் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒருமுறை லீவு லெட்டரின் கீழே அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரே குடியிருப்பில், மூன்றாவது மாடியில், எங்களுக்கு எதிரெதிர் கதவு. பள்ளியில் என்னை மேடம் என்பார். படிக்கட்டில் அக்கா. பள்ளி கேட்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள பத்து நிமிட நடையில் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயே திறக்கமாட்டார்.

பள்ளிக்கு ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் பெயின்ட் ஃபேக்டரியின் சுவர், மற்ற பக்கமெல்லாம் ஐந்து மாடிக் கட்டடங்கள். கட்டணம் கட்டிப் படிக்கவைக்க முடியாதவர்கள் பிள்ளைகளை அனுப்புகிற அரசு மேல்நிலைப் பள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. காலை ஏழு ஐம்பது ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும். டிக்கெட் பரிசோதகர் எங்கள் பள்ளி. ஜன்னலோரம் தூங்கி விழுகிற நர்ஸ் எங்கள் பள்ளி. என்னைக் கண்டதும் எழுந்து இடம் விடுகிற மின்வாரிய லைன்மேன், எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன். இத்தனை பேரையும் என் கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றி, என் கையெழுத்திலேயே அனுப்பிவைத்திருக்கிறேன். ஒரு ஊரையே இந்தப் பழுப்புக் கட்டடம் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

வெள்ளைக்கால் கோடு போடுவதும் அப்படி ஒரு சிலிர்ப்புதான். மைதானத்தின் இரண்டு முனையிலும் கான்கிரீட்டில் பதித்த இரும்புக் குழாய் ஒவ்வொன்று, முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதில் ஒரு நீளக் கம்பியை மாட்டி, மறுமுனையைச் சுண்ணாம்பு வண்டியின் கைப்பிடியில் பிணைத்து, கம்பி தொய்யாமல் இழுத்துக்கொண்டே நடப்பார். அவர் நடந்துபோன இடத்தில் வளைவு பிறக்கும். பிறகு இந்த வளைவின் முனைக்கும் அந்த வளைவின் முனைக்கும் நூல் கட்டி நேர்க்கோடு. நாலு மணி நேரத்தில் வெறும் தரை ஓடுதளமாகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று ஆபீஸுக்குத் திரும்பிப் போக எனக்கு மனசே வரவில்லை.

ஒருமுறை பி.டி. மாஸ்டர், "ஒரு தடவை டேப் வச்சு அளந்து பாத்துடலாமே" என்றார்.

"டேப்பு வெயில்ல நீளும் சார். கம்பி நீளாது" என்றார் இவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை.

அவருடைய ஒரே மகளை வீட்டில் பாப்பா என்பார்கள். பள்ளியில் அவள் நெட்டை. கடைசி வருடம் படிக்கிறாள். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அவள் ஓடும்போது மாடி ஜன்னலில் டீச்சர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். கடைசி வளைவில் மற்றப் பிள்ளைகளுக்குத் தோள் ஏறிவிடும், வாய் கோணும். இவளுக்கு முகத்தில் ஒன்றுமே மாறாது. யாரோ கூப்பிட்டார்கள், போய் என்னவென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி போவாள்.

விளையாட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்க இரண்டு நிமிடம் பதினாறு நொடிக்குள் ஓடியிருக்க வேண்டும். சொந்தப் பள்ளி மைதானத்தில், வெளிப்பள்ளியிலிருந்து வந்த மூன்று பேர் நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஓட்டமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். கல்லூரியில் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அது கிடைக்காவிட்டால் அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த அம்மாளே மகளுக்காகச் சொல்லிவைத்திருந்தாள், பாவம்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு விழாவில் நெட்டை முதலாவதாக வந்தாள். இரண்டு நிமிடம் பதினாறு புள்ளி எட்டு.

நான்தான் அதைப் பதிவேட்டில் எழுதினேன். முக்கால் நொடி. கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கிற நேரம்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி போகக்கூடாது என்று ஒரு டஜன் முட்டை வாங்கிக்கொண்டு போனேன். நெட்டை சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாத்திரத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பால்கனியில் ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"நீங்க குடுத்த கொக்கிதான்க்கா. தினம் குழாயில சுத்திச் சுத்திக் கட்டிக் கை நோகுதேன்னு, கயித்து முனையில ஒரு வளையம் போட்டுக் கொக்கியில மாட்டுனேன். இப்பப் பாருங்க, போர்வை தரையில பெருக்குது."

"ஏன், அதே கயிறுதானே?"

"அதே கயிறுதான். முன்னாடி குழாயச் சுத்தியே ரெண்டு சுத்து போயிடும். இப்ப அதுவும் கொடியில சேந்துடுச்சு. சுத்தாம விட்டா நீளத்தானே செய்யும்."

வெள்ளைக்கால் டீ கிளாஸோடு கதவில் சாய்ந்து நின்றிருந்தார். கிளாஸ் வாயருகே போய் அங்கேயே நின்றுவிட்டது. குழாயைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"வளையம்" என்றார். "நானும் வளையம் வச்சேன்."

பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் வரை கம்பியை இரும்புக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் மாட்டுவார். நடக்கும்போது சிக்கும், விரலைக் கிழிக்கும். எங்கள் பள்ளியில் படித்த வெல்டர் ஒருவர், அண்ணன் கை புண்ணாகிறதே என்று கம்பி முனையில் ஒரு வளையம் பற்றவைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து சுற்றுவதில்லை, குழாயில் வளையத்தைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். சுற்றியிருந்த இரண்டு சுற்று நீளத்தை வெட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"ஒரு சுத்துக்கு ஒரு அடி. ரெண்டடி வெளிய தள்ளிப்போச்சு வளைவு" என்றார். "ரெண்டு பக்கமும்."

நெட்டை பாத்திரத்திலிருந்து காலை எடுத்தாள். அவள் கணக்கில் கெட்டி. ஈர விரலால் தரையில் எழுதினாள். நான் குனிந்து பார்த்தேன்.

"ஒரு ரவுண்டுக்குக் கிட்டத்தட்ட நாலு மீட்டர் கூட வருதுப்பா. நான் இன்னிக்கு எண்ணூத்தி எட்டு ஓடியிருக்கேன்."

சட்டென்று அவள் அம்மா முகம் மலர்ந்தது. "அப்பப் பாப்பா பாஸுதானே? போய்ச் சொல்லுங்க, இப்பவே போய்ச் சொல்லுங்க."

"எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?" என்றார் அவர். "பதிமூணு வருஷமா ஊரான் வீட்டுப் பிள்ளைங்க ஓடுச்சு. ஒரு செகண்டு, அரைச் செகண்டுன்னு எத்தன பேரு அழுதுட்டுப் போனாங்க. அப்பல்லாம் என் கண்ணு தெறக்கல. என் பொண்ணு தோத்த அன்னிக்குத் தெறந்துடுச்சாமா? நான் கேட்டாக்கூட நம்பமாட்டேன்."

"அதுக்காக?"

"மேகம் கூடியிருக்கு பாரு. ஒரு மழை வந்தா கோடெல்லாம் கழுவிட்டுப் போயிடும். அடுத்த தடவ சரியாப் போட்டுக்கறேன்."

சொன்னதும் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பாவத்தில் பாதி என் பதிவேட்டினுடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பிள்ளைகள் வெளி மைதானத்துக்குப் போனால் வளைவு ஓட்டங்களில் இங்கே ஓடியதைவிட எப்போதும் வேகமாக ஓடினார்கள். நூறு மீட்டரில் மட்டும், அது வெறும் நேர்க்கோடு என்பதால், எந்த வித்தியாசமும் இல்லை. வெளியூர்த் தண்ணீர் நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்துக்கொள்வோம். அத்தனையையும் என் கையால் எழுதியும், ஏன் என்று ஒருநாள் கேட்டதில்லை.

நெட்டைதான் பேசினாள். "அப்பா, கழிச்சுக் குடுக்கற நேரம் எனக்கு வேண்டாம். இன்னொரு தடவ ஓட விடுங்க. சரியான தரையில."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான், வெள்ளைக்கால், நெட்டை மூன்று பேரும் தலைமையாசிரியை முன்னால் நின்றோம். அவர் கேட்டு முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மறுபடி ஓடவைக்க விதி இருக்கு" என்றார். "ஆனா தளம் தப்புன்னு நீங்க சொல்லி ஆகாது. நான் சொல்லியும் ஆகாது. லைசென்ஸ் உள்ள சர்வேயர் அளந்து முத்திரை வச்சுத் தரணும். அதுவும் இருக்கிற கோட்டை. மழைக்கு முன்னாடி." பிறகு மெதுவாக, "நம்ம ஏரியாவுல யாரு சர்வேயர்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே எண்ணூறில் அரை நொடியில் இடத்தைக் கோட்டைவிட்ட பெண். பள்ளி வராந்தாவில் இருக்கிற சாதனைப் பலகையில் அவள் நேரம்தான் இன்னமும் முதலில் இருந்தது.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சாலை அகலப்படுத்துகிற வேலையில் இருந்தாள். முக்காலியில் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிச் சிரித்தாள்.

"என்னண்ணே, இன்னிக்கு வேற செருப்பு, கறுப்பாயிருக்கு. கோடு போடறத விட்டுட்டீங்களா?"

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். நான் சொல்லலாம் என்று நினைத்தேன். நெட்டை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். லாரிகள் இரண்டு போன பிறகு அவரே சொன்னார். கம்பி, சுற்று, வளையம், வருடம். தன் மகளின் ஓட்டத்தைக் கடைசியாகச் சொன்னார்.

அவள் கருவியின் மேல் படிந்த தூசியை விரலால் வழித்தாள்.

"எந்த வருஷம் வளையம் வச்சீங்க?"

"நீ பத்தாவதுல ஓட ஆரம்பிச்ச வருஷம்மா."

"சரி" என்றாள். வேலையாட்களிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்க வந்த வெள்ளைக்காலைப் பார்த்து, "விடுங்க, நானே எடுத்துக்கறேன்" என்றாள். அண்ணே என்பது அதோடு நின்றுபோனது.

பதினோரு மணிக்குத் தொடங்கினாள். மேகம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது. காற்று சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியது. வெள்ளைக்கால் குறிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன இடத்திலெல்லாம் நின்றார். ஒரு சுற்று அளந்தாள். நம்பாமல் இரண்டாவது சுற்று. பிறகு தூரம் அளக்கிற சக்கரக்கோலைத் தள்ளிக்கொண்டு கோட்டின்மேலேயே நடந்து மூன்றாவது தடவை.

"நானூறு மீட்டருக்கு நானூத்தி மூணு புள்ளி தொண்ணூத்தஞ்சு" என்றாள்.

எழுதினாள். முத்திரை வைத்தாள். அதற்குப் பிறகுதான் புல்லில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை அருகே போய், "அந்த நாலு மீட்டர் கூட ஓடினதுதான்மா உங்களையெல்லாம் இவ்வளவு உறுதியாக்கியிருக்கு" என்றார்.

"வேண்டாம் மேடம். தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அன்னிக்கு எங்கப்பா சொன்னாரு, கடைசி வளைவுல நீ சோந்துட்டேன்னு. நானும் ஆமான்னுதான் நெனச்சேன். பதினோரு வருஷமா அந்த வளைவத்தான் நெனச்சுட்டிருக்கேன். எந்த வேலையில எது முடியலேன்னாலும், நாமதான் கடைசி வளைவுல சோந்துபோற ஆளாச்சேன்னு."

வெள்ளைக்கால் குறிக்கம்பைப் பிடித்தபடியே நின்றார். அளந்து முடிந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"உங்க பொண்ணுக்காகத்தான் வந்தேன்" என்றாள் அவரைப் பார்க்காமல். "உங்களுக்காக இல்ல."

"தெரியும்மா."

நாலு மணிக்கு மழை பெய்தது. அரை மணி நேரம்தான். பதிமூன்று வருடக் கோடு பால் மாதிரி கரைந்து வடிகாலில் போனதைப் பள்ளி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளுத்ததும் வளையத்தை அரம்போட்டு அறுத்தார். சர்வேயர் தன் இரும்பு டேப்பால் கம்பியை அளந்து மை வைத்தாள். அவர் பழையபடி குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கம்பி விரலைக் கிழித்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நடந்தார். ஈரத் தரையில் சுண்ணாம்பு பளிச்சென்று விழுந்தது. நேரம் பார்க்க வெளிப்பள்ளிகளிலிருந்து மூன்று பேரைத் தலைமையாசிரியை வரவழைத்திருந்தார்.

செய்தி எப்படிப் போனதோ, பத்தரை மணிக்கு வேலி ஓரம் ஆட்கள் நின்றார்கள். டிக்கெட் பரிசோதகர், லைன்மேன், இரவு வேலை முடித்து வந்த நர்ஸ், பஸ் டிரைவர்கள், கைக்குழந்தையோடு இரண்டு பேர். எல்லாரும் இந்த மண்ணில் ஒரு காலத்தில் மூச்சு வாங்கியவர்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். யாரும் சத்தம் போடவில்லை. புதுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெல்டர் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு.

நெட்டையின் அம்மா சலவைக்கூடத்து உடுப்போடு வந்திருந்தாள். என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போனது.

அன்றைக்கு நெட்டை ஓடியதை எப்படிச் சொல்வது. தனியாக ஓடினாள், போட்டிக்கு யாரும் இல்லை. முதல் சுற்றில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது சுற்றில் வேலி ஓரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவள் கடக்கும்போது ஒரு அடி முன்னால் வந்தார்கள். கடைசி வளைவு. எத்தனையோ பேரைக் கவிழ்த்த வளைவு. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கால் மாறியது. நீளமாயிற்று, லேசாயிற்று, தரைக்கு அவள் வேண்டாதவள் போலத் தரை அவளைத் தள்ளிவிட்டது. ஒரு மனித உடம்பு இவ்வளவு செய்யுமா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று கடிகாரமும் ஒரே கதை சொன்னது. இரண்டு நிமிடம் பதினாலு புள்ளி ஒன்பது.

அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்கால் வரவில்லை. தூரத்துக் குழாயின் அருகே, கம்பியைச் சுருட்டாமல், அதன்மேல் கை வைத்து நின்றார். மகள் ஜெயித்த நேரத்தைக் கேட்கக்கூட அவர் நகரவில்லை. வேலி ஓரம் நிற்கிறவர்களின் கண்ணுக்கு முன்னால் சந்தோஷப்படத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

தாளில் கடைசிக் கையெழுத்தைப் போட்ட சர்வேயர், பேனாவை என்னிடம் கொடுத்தாள். குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினாள். சாக்ஸையும் உருட்டி உள்ளே திணித்தாள். நேரம் பார்க்கிறவர்களிடம் போய், "வாட்ச் இன்னும் கையிலதானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் கோட்டில் நின்றாள். இருபத்தெட்டு வயது, ஓடி பதினோரு வருடம். முதல் சுற்று முடியும்போதே மூச்சு இரைக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நெட்டை வேலி ஓரமாகக் கூடவே போனாள். கடைசி வளைவில் சர்வேயருக்குத் தோள் ஏறியது, வாய் கோணியது, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டாள். நிற்கவில்லை. அங்கே குழாயின் அருகே நின்றிருந்த வெள்ளைக்கால் கம்பியை விட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே, அவளுக்குச் சமமாக நடக்கத் தொடங்கினார். பிறகு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டி அவள் முழங்காலில் கை ஊன்றி நின்றாள். கடிகாரம் நாலு நிமிடத்தைத் தொட்டிருந்தது. அதை அவள் கேட்கவில்லை. இங்கே அரை நொடியில் இடம் தவறியதால் அவள் வேறு எந்த மைதானத்துக்கும் போனதே இல்லை. அது அவள் வாழ்க்கையில் ஓடிய முதல் எண்ணூறு.

மெல்லத் திரும்பி, தான் சுற்றிவந்த தளத்தை முழுசாக ஒருமுறை பார்த்தாள். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் அவர் நின்றார்.

"இவ்வளவுதானாண்ணே?" என்றாள்.